சூதாட்ட மண்டபத்தில் ஒரு வைரவர்

மண் வாசனை பிளாஸ்டிக் கலனில் வந்தது. ஐந்து லீட்டர். மேலே ஒட்டியிருந்த தாளில் ‘மழைக்குப் பின் தோப்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். காற்றுக்குழாயோடு பொருத்திய ஒரு சிறிய இயந்திரத்தில் அதை ஊற்றினால் அரை மணித்தியாலத்தில் மண்டபம் முழுக்க நனைந்த மண் மணக்கும். முதல் முறை போட்டுப் பார்த்தபோது எனக்கு ஓங்காளம் வந்துவிட்டது. வாசனையில் பிழை இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஒரு பிழையும் இல்லை. அச்சொட்டாக அதே மணம். அதுதான் அரியண்டமாக இருந்தது.

நான் பொய்ப் பாறை செய்கிறவன். பொய் மரம், பொய்க் குகை, தண்ணீர் விழாத நேரத்திலும் ஈரமாகத் தெரியும் பொய் அருவி. லண்டனில், சவுத்தாலில் ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கார் திருத்துகிறார்கள், மறுபக்கம் இனிப்புப் பெட்டி அச்சடிக்கிறார்கள், நடுவில் நாங்கள் றெஜிஃபோம் என்கிற வெள்ளைப் பஞ்சு அட்டையைச் செதுக்கி அதன்மேல் ரெசின் பூசி மலை செய்கிறோம். உணவகங்களுக்கும் கலியாண மண்டபங்களுக்கும் செய்துகொண்டிருந்த எனக்கு, அந்தச் சூதாட்ட விடுதியின் கொந்தராத்து கிடைத்தபோது தலைகால் புரியவில்லை. தேம்ஸ் நதி கிழக்கே அகன்று போகும் இடத்தில், பழைய கப்பல் துறைகளுக்குப் பக்கத்தில், ஹோட்டலும் கடைகளும் அரங்கமும் சூதாட்ட மண்டபமும் ஒரே கூரையின் கீழ் எழும்பிக்கொண்டிருந்தன. உள்ளே ஐந்து நிலக்காட்சிகள். மலைப் புல்வெளி, பாலை, பனிக்காடு, கடற்கரை, கடைசியாக வெப்பமண்டலத் தோப்பு. தோப்பு என்னுடையது.

வடிவமைப்புக்குப் பொறுப்பானவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். களிமண் நிறத்தில்தான் உடுப்பார். நல்ல மனுஷி என்றுதான் சொல்ல வேண்டும்; போன உடனே கோப்பி ஊற்றித் தருவார், நான் சொல்வதைக் குறித்துக்கொள்வார். படங்களை மேசையில் விரித்து, “இங்கே வருகிறவருக்கு வெளியே ஒரு உலகம் இருப்பதே மறந்துபோக வேண்டும்” என்றார். நிலம் என்றால் மனிதனுக்கு மனம் இளகும், இளகினால் அவன் அவசரப்பட மாட்டான், அவசரப்படாதவன் எழும்பிப் போக மாட்டான். இதை அவர் வெட்கமில்லாமல், ஒரு வைத்தியர் மருந்து சொல்வதுபோலச் சொன்னார். கம்பளம் அறுவடை முடிந்த வயலின் நிறம். நடைபாதைகள் ஆறுபோல வளையும், எந்த இடத்தில் நின்றாலும் வாசல் தெரியாது. கூரை முழுக்க விளக்கு வைத்து வானம். அந்த வானத்தில் எப்போதும் பின்னேரம் ஐந்தரை மணி. காலை பத்து மணிக்குப் போனாலும் ஐந்தரை, மத்தியானம் போனாலும் ஐந்தரை. அந்தக் கண்டறியாத பின்னேரம் முடியவே முடியாது.

தோப்பின் நடுவில் ஒரு பெரிய ஆலமரம் கேட்டார். அதன் விழுதுகளுக்கு நடுவே மதுக்கடை. பிறகு தன் கைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். எங்கள் நாட்டுக்கு விடுமுறைக்குப் போனபோது எடுத்ததாம். தெருவோரம் ஒரு மரம், அதன் அடியில் கறுத்த கல், கல்லில் நட்ட சூலம், சூலத்தில் சிவப்புத் துணி. வைரவர். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒரு வைரவர் இருப்பார். கோயில் கட்ட வசதியில்லாத இடத்தில் ஒரு மரமும் ஒரு சூலமும் போதும், அவர் காவலுக்கு இருந்துவிடுவார்.

“இது என்னை உருக்கிவிட்டது. மரத்தின் அடியில் இதை வைத்தால் எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். இது சாமி, மதுக்கடையில் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பார், அப்படிப்பட்டவர்தான். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லில் எண்ணெய் படிந்த கறுப்பு, துணியின் சிவப்பு, பின்னால் வேர். வெளிச்சத்தை இடது பக்கத்திலிருந்து விழுத்தினால் எப்படி இருக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டது. “செய்யலாம்” என்றேன்.

இதைச் செய்யக்கூடிய கை என்னிடம் இல்லை. என் அண்ணையிடம் இருந்தது.

அண்ணை என்னைவிட ஆறு வயது மூத்தவர். நாங்கள் இருவரும் முதலில் ஜெர்மனிக்குத்தான் வந்தோம். அங்கே அவர் ஒரு பழைய பிளாஸ்டர்காரரிடம் வேலை பழகினார். சுண்ணாம்பைக் கல்லாக்குவார், கல்லை மரமாக்குவார். அங்கேதான் மற்றதையும் பழகினார். மதுக்கடை மூலையில் இருந்த, காசு போட்டு விளையாடும் மெஷினில் தொடங்கியது, லண்டனுக்கு வந்தபிறகு ரூலெட் மேசையில் வந்து நின்றது. அண்ணியின் தாலிக்கொடி ஒரு சனிக்கிழமை போனது, திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள். ஃபாரஸ்ட் கேட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனால் சுவருக்குக்கூட முகம் கறுத்திருக்கும். கடைசியில் அண்ணி சொல்லிவிட்டார்: “இன்னொருக்கா எண்டால் நான் பிள்ளையளோடை கனடாவுக்கு அக்காவிட்டைப் போயிடுவன். பிறகு என்னைத் தேடி வரவேண்டாம்.”

டொக்டரின் இடத்தில் ஒரு தாதி வழி சொன்னார். ஒரு படிவத்தை நிரப்பி, படமும் கையெழுத்தும் கொடுத்தால் எந்தச் சூதாட்ட விடுதியும் அவரை உள்ளே விடாது. அவ்வளவுதான், காரியம் முடிந்தது. நாங்கள் செய்தோமா? வாசலில் நிற்கிற காவலாளிகளில் பாதிப் பேர் எங்கடை ஆக்கள், படத்தைப் பார்த்தால் விடிவதற்குள் ஈஸ்ட் ஹாமிலிருந்து கிங்ஸ்பரி வரை கதை போய்விடும், மானம் கப்பலேறிவிடும் என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். அண்ணியும் அதற்குத் தலையாட்டினார். படிவம் வேண்டாம், அதைவிடப் பெரிய கையெழுத்து ஒன்று இருக்கிறது என்று அண்ணையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வைரவர் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தினோம். அண்ணை எரிகிற கற்பூரத்தில் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். “இனி உந்த இடங்களின்ரை வாசல் மிதிக்க மாட்டன்” என்றார். அண்ணி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மண்டைக்குள் என்ன இருந்ததோ எங்களுக்கு.

ஆனால் சத்தியம் நின்றது. இரண்டு வருடம் அண்ணை அந்தப் பக்கம் போகவில்லை. பட்டறையில் என்னோடு வேலை செய்தார், வீட்டுக்கு நேரத்துக்குப் போனார், பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போனார்.

விடுதி வேலை எனக்குக் கிடைத்த செய்தி கேள்விப்பட்டதும் அண்ணி போன் எடுத்தார். “தம்பி, உங்களுக்கு நல்லது நடந்தால் எனக்குச் சந்தோசம். ஆனால் அவரை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. எங்கடை வீட்டிலை இருந்து பஸ்ஸிலை இருவது நிமிசம்.”

“ஐயோ அண்ணி, எனக்குத் தெரியாதே? அவர் பட்டறையிலைதான் நிப்பார்.”

அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினேன். படத்தை அண்ணையிடம் காட்டியபோது, “எங்கை போகுது இது?” என்று கேட்டார்.

“டுபாய். ஒரு ஹோட்டல் தோட்டம்.”

“உள்ளுக்கோ, வெளியிலையோ?”

“வெளியிலை.”

“அப்ப காத்துப் படும். நல்லது” என்றார்.

செய்து முடிக்க ஏழு நாள் எடுத்தார். அந்தக் கிழமை முழுக்க மச்சம், மீனோ இறைச்சியோ, சாப்பிடவில்லை. காலையில் முழுகிவிட்டு வருவார், செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மூலைக்குப் போவார். பக்கத்து மேசையில் நான் கோழி ரோல்ஸ் தின்றுகொண்டு கணினியில் அளவு பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் றெஜிஃபோமை வெட்டும்போதே கல்லைப் பார்த்தார் போலிருந்தது. நூறு வருட எண்ணெய்ப் பிசுக்கை ரெசினில் கொண்டுவந்தார். சூலத்தின் நடு முனையை மட்டும் கொஞ்சம் தேய்ந்ததாக விட்டார். முடிந்த அன்று கடையில் பதினொரு வடை வாங்கி, நூலில் கோத்து, சூலத்துக்கு மாலையாகப் போட்டார். உடைந்த ஓடு ஒன்றில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார். “அண்ணை, இது பைபர் கிளாஸ்” என்றேன். “உனக்கு” என்றார். பிரசாதம் என்று இரண்டு வடை தந்தார். தின்றேன். சட்னி இருந்தால் நல்லாயிருக்கும் என்று பகிடியும் விட்டேன்.

விடுதியில் அதைப் பொருத்தும் நாளில் வேறு இரண்டு பேரைக் கூட்டிப்போய், ஆலமரத்தடியில் நாலு போல்ட் அடித்து இறுக்கினேன். வடிவமைப்பாளர் வந்து, பாதை எப்படித் திரும்ப வேண்டும் என்று தானே நின்று காட்டினார். சூலத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறவர் திரும்பும்போது கண்ணில் முதலில் படுவது ரூலெட் மேசையாக இருக்க வேண்டும். பக்கத்துச் செடிகளை அதற்கேற்ப நகர்த்தினோம். நான் நகர்த்தினேன்.

விடுதி திறந்து பத்து நாளில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சீ! கல்லின் மேல் பாதி குடித்த கிளாஸ். சூலத்தின் பக்க முனையில் யாரோ மென்ற சுவிங்கம். ஒலிவ் காய் குத்திய குச்சிகளை அடியில் எறிந்திருந்தார்கள். ஒரு கூட்டம் பெண்கள் சிவப்புத் துணியை எடுத்துக் கழுத்தில் சுற்றிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். அதைவிடக் கேவலமாக இருந்தது எங்கடை ஆக்களைப் பார்த்தபோதுதான். நல்ல கோட் சூட் போட்ட ஒருவர், ஊரில் ஒரு பெரிய மனிதராக இருக்கக்கூடியவர், சூலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், கையிலிருந்த பந்தயச் சில்லுகளில் ஒன்றைக் கல்லில் வைத்தார், மேசைக்குப் போனார். தோற்றுவிட்டுப் போகும்போது அந்தச் சில்லையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். தூ என்று துப்ப வேண்டும்போல இருந்தது. துப்புவதற்கும் அங்கே மண் இல்லை, கம்பளம்தான்.

அப்போதும் எனக்கு அண்ணையை நினைத்துப் பயம் வரவில்லை. அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். ஆனால் ஃபாரஸ்ட் கேட்டில் அவர் வீட்டுக்கு முன்னால் இருக்கிற பஸ் தரிப்பில், ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ஆலமரம், சூலம், அதில் சாய்ந்தபடி பொன் நிற உடுப்பில் வடிவான ஒரு பெண். ஒவ்வொரு காலையும் அண்ணை அதற்கு முன்னால் நின்றுதான் பஸ் எடுத்திருக்கிறார். தன் கை வேலை அவருக்குத் தெரியாதா?

பிறகு அவர் வேலைக்கு வராத நாட்கள் தொடங்கின. ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்றார். அடுத்த கிழமை முதுகு நோ என்றார். நான் நம்பினேன். மூன்றாம் கிழமை ஒரு வியாழக்கிழமை, ஆலமரத்தின் பட்டையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள். அன்று காலையும் அண்ணை, “இண்டைக்கு வர ஏலாது, தலையிடி” என்று சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு நான் உள்ளே போனேன். கூரையில் ஐந்தரை மணி. மண் மணத்தது.

அண்ணை ரூலெட் மேசையில் இருந்தார். தோய்த்து அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேர்ட். நெற்றியில் திருநீறு. முழுகிய தலை இன்னும் சரியாகக் காயவில்லை.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், திடுக்கிடவில்லை. பந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, எழும்புங்கோ.”

“இரு. இது ஒண்டு.”

“என்ன கோதாரி இது! சத்தியம் பண்ணினனீங்கள். கற்பூரத்திலை அடிச்சனீங்கள்.”

“ஓம், அடிச்சனான். ஆருக்கு முன்னாலை? அவருக்கு முன்னாலை.” தலையைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் மரத்தடிப் பக்கம் காட்டினார். “அவரே இங்கை வந்து இருக்கிறார். நான் வந்தால் மட்டும் குற்றமோ?”

“அது நீங்கள் செய்த பொம்மை! ரெசின்!”

“பொம்மை எண்டு நீ சொல்லு. நான் மச்சம் விட்டுச் செய்தனான்.”

பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் தோளைப் பிடித்து எழுப்பி, தோப்புக்கு வெளியே, பனிக்காட்டின் ஓரத்தில் ஒரு பொய்ப் பாறையில் இருத்தினேன். அவர் சாந்தமாகத்தான் இருந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“முதல் நாள் விளையாட வரேல்லை, தம்பி. அவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான். தூக்கிப் பாத்தன். நீ போல்ட் அடிச்சு வைச்சிருக்கிறாய். கற்பூரம் கொளுத்தப் போனன், நெருப்புக் கூடாது எண்டு காவல்காரன் வந்திட்டான். கிளாசுகளை எடுத்து அங்காலை வைச்சிட்டு, சுவிங்கத்தை நகத்தாலை சுரண்டி எடுத்துப்போட்டு வந்திட்டன். அடுத்த நாளும் அதுக்குத்தான் வந்தனான். ஆராவது துடைக்கத்தானே வேணும்.” தன் நகத்தைப் பார்த்தார். “கும்பிட்டிட்டுத் திரும்பினால் மேசை தெரியுது. வேறை ஒண்டும் தெரியேல்லை. வாசல்கூடத் தெரியேல்லை. நீ அப்பிடித்தானே கட்டி வைச்சிருக்கிறாய்.”

தொண்டைக்குள் அந்த மண் வாசனை புளித்த மாதிரி ஏறியது. கழிவறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் அதே பாறையில்தான் இருந்தார். மேசைக்குப் போயிருப்பாரோ என்று பயந்துகொண்டு வந்த எனக்கு, அவர் பொறுமையாகக் காத்திருந்ததைப் பார்க்க இன்னும் தாங்க முடியவில்லை. நல்ல நாய் மாதிரி இருந்தார், என் அண்ணை.

பட்டையின் வெடிப்பைப் பார்க்காமலே வெளியே வந்தோம். வெளியே உண்மையான வானம், சாம்பல் நிறத்தில் தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறினோம். அண்ணி வீட்டில்தான் இருந்தார். எங்கள் இருவரையும் வேலை நேரத்தில் வாசலில் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. அண்ணையைப் பார்த்து, “போய் முகத்தைக் கழுவுங்கோ” என்றார். அவர் உள்ளே போனார்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய கிழமையே அண்ணி பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். அண்ணை இப்போது என்னோடு கிங்ஸ்பரியில் இருக்கிறார். அதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு மனம் இல்லை. அன்று அந்த வீட்டு வாசல் நடையில், சப்பாத்துகளும் பிள்ளைகளின் புத்தகப் பைகளும் கிடந்த இடத்தில் நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். டுபாய் என்று பொய் சொன்னதை, அந்தச் சூலத்தை, அது நிற்கிற இடத்தை, செடிகளை நகர்த்தியதை. அண்ணி சுவரில் கை வைத்துக்கொண்டு கேட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

“அவருக்கு அது ஒரு நோய், தம்பி” என்றார். “நோய் எண்டு தெரிஞ்சுதான் நான் இவ்வளவு காலமும் இருந்தனான். உங்களுக்கு ஒரு நோயும் இல்லை. நல்ல சுகமாத்தான் இருக்கிறியள். உங்களை ஒருத்தரும் நெருக்கவும் இல்லை. பிறகேன் செய்தனீங்கள்?”

ஏச்சுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதில் வரும்வரைக்கும் நின்றார். நானும் எனக்குள் தேடிப் பார்த்தேன். காசுக்காக என்று சொல்லலாம். அந்தச் சூலம் இல்லாமலே கொந்தராத்து என் கையில் இருந்தது. அந்த மனுஷி கேட்டார், மறுக்க முடியவில்லை என்று சொல்லலாம். மறுக்க நான் நினைக்கவே இல்லை. இருந்தது ஒரே ஒரு காரணம்தான். அதைச் சொல்ல வாய் கூசியது. அண்ணி விடவில்லை.

“வடிவா இருக்கும் எண்டு நினைச்சன், அண்ணி” என்றேன்.